பழுதுக்கு வேறு பெயர் வைத்தவர்

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அதைச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை என்பது ஒன்று. யாருடைய பெயரையும் தேவையில்லாமல் வெளியே விடாத மனிதர் அவர் என்பது இன்னொன்று. சுன்னாகத்துக்குக் கிழக்கே நாலைந்து ஊர்களில், காலையில் ஒரு பழைய கார் முரண்டு பிடித்தால் ஆட்கள் அவரைக் கூட்டிவரத்தான் ஓடினார்கள். தொண்ணூற்றைந்தில் சண்டைக்குத் தப்பி ஊரே எழும்பி நடந்த நாளில் அவரைத் தவறவிட்டேன். இன்றைக்கு எங்கே இருக்கிறார், இருக்கிறாரா என்பதும் தெரியாது.

வருவார். சைக்கிளை மதிலில் சாத்துவார். பொனற்றை மட்டும் திறக்க மாட்டார். காரை ஒருமுறை சுற்றி நடந்துவிட்டு முன் சில்லுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு கேள்வி கேட்கத் தொடங்குவார்.

"கடைசியா எப்ப ஓடினது?"

"ஆர் ஓடினது?"

"தானா நிண்டதோ, நீங்கள் நிப்பாட்டினியளோ?"

"அதுக்குப் பிறகு ஆரும் கை வைச்சதோ?"

கார்க்காரருக்கு அவசரம். கலியாணத்துக்கோ கச்சேரிக்கோ வெளிக்கிட்டு நிற்கிறவர்கள். "உந்த விசாரணையை விட்டிட்டுத் திறந்து பாருமன்" என்று சிலர் சினப்பதுண்டு. "திறந்தால் எஞ்சின்தானே தெரியும்" என்பார், கொஞ்சமும் கோபமில்லாமல்.

பதில்கள் போதும் என்று பட்டபிறகுதான் எழும்புவார். யாரையாவது முன்னால் ஹாண்டிலைப் போட்டுச் சுற்றச் சொல்லிவிட்டு, மட்கார்ட்டில் கையை வைத்தபடி தலையைச் சரித்துக் கேட்பார். பிறகு ஒரு பிளக்கைக் கழற்றி மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோவார். பிளக் ஈரமென்றால் எண்ணெய் வருகிறது, நெருப்பில்லை. காய்ந்து கிடந்தால் நெருப்பு இருக்கக்கூடும், எண்ணெய் வரவில்லை. இதைப் பலமுறை கிட்ட நின்று பார்த்தபடியால் எனக்கே பாடம். ஐந்து நிமிடத்தில் என்ன பழுது என்று கண்டுபிடித்துவிடுவார். அந்தப் பழுது யாரால் வந்தது என்பதும் அதே ஐந்து நிமிடத்தில் அவருக்குத் தெரிந்துவிடும். முதலாவதைச் சரிப்பண்ணுவார். இரண்டாவதை விழுங்கிவிடுவார்.

எங்கள் ஊரில் பலசரக்குக் கடை வைத்திருந்தவரின் கார் ஒரு மாதமாக இரண்டு நாளைக்கு ஒருமுறை ஸ்ராட் வராமல் படுத்தது. கடைக்காரர் வேலைக்காரரைச் சந்தேகப்பட்டார், அயலவரைச் சந்தேகப்பட்டார், கடைசியில் செய்வினை என்றுகூடப் பேசினார். இவர் போய்க் குந்தியிருந்து கேள்வி கேட்டார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்தார். இருக்கை முன்னுக்குத் தள்ளிக் கிடந்தது. பெற்றோலைக் கூட்டிவிடும் சோக் குமிழில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. அந்த வீட்டில் வெற்றிலை போடுகிற ஆள் ஒருவர்தான், கடைக்காரரின் தகப்பன். ஒரு காலத்தில் லொறி ஓடியவர், இப்போது கண் தெரியாது. வீடு மத்தியானத்தில் கண்ணயரும்போது மனிசன் நிற்கிற காருக்குள் ஏறியிருந்து ஓடுவதுபோலச் செய்து பார்த்திருக்கிறார். சோக்கை இழுத்து இழுத்தே எஞ்சினைப் பெற்றோலில் நனைத்துவிட்டார்.

"சோக் வயர் இறுகிப்போச்சு, மாத்த வேணும்" என்றுதான் கடைக்காரரிடம் சொன்னார். போகும்போது கிழவருக்குப் பக்கத்தில் குனிந்து ஏதோ சொல்லிவிட்டுப் போனார். என்ன சொன்னார் என்பது எனக்குப் பின்னாளில் கிழவர் வாயாலேயே தெரிய வந்தது. கோயில் வாசலில் கண்டபோது சிரித்துச் சிரித்துச் சொன்னார்: "திறப்பைத் திருப்புங்கோ, ஸ்ரியறிங்கைத் திருப்புங்கோ, உந்தக் குமிழை மட்டும் விட்டிடுங்கோ ஐயா எண்டவன். உவன் ஒரு மனிசன் பிள்ளை."

நானும் அவரிடம் அப்படித் தப்பியவள்தான். அந்த நாளில் எங்கள் ஊரில் கார் ஓடிய பெண் நான் ஒருத்தி. அப்பா சீதனமாகத் தந்த கார். பெரிய வட்ட விளக்குகளும் உள்ளே சாக்கு மணமுமாக, என்னைவிடக் கொஞ்சம்தான் வயது குறைந்தது. கணவருக்குக் கொழும்பில் வேலை, மாதத்துக்கு ஒருமுறை ரயிலில் வருவார். அவர் வரும்வரை கார் சும்மா நிற்கட்டும் என்று விட எனக்கென்ன விசரா? பள்ளிக்கூடத்துக்கு அதில்தான் போனேன். ஆண்கள் மதிலோரம் நின்று சிரிப்பார்கள். அந்த மெக்கானிக்கின் மனைவி மட்டும் தங்கள் படலையடியில் நின்று தினமும் கையை உயர்த்துவா. "ரீச்சர், நீங்கள் ஓடிக்கொண்டு போகேக்கை எனக்கே ஒரு கெப்பர்" என்று ஒருநாள் சொன்னா. அதைக் கேட்டு நான் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து ஓடினேன் என்பதையும் ஒளிப்பானேன்.

எண்பத்தி நாலில் ஒரு கலியாண வீட்டு வாசலில் கார் நின்றுவிட்டது. பத்துப் பன்னிரண்டு ஆண்கள் கூடிவிட்டார்கள். ஆளுக்கொரு அபிப்பிராயம். "பொம்பிளையள் ஓடினால் உப்பிடித்தான்" என்று ஒருவர் சொல்ல மற்றவர்கள் சிரித்தார்கள். பட்டுச்சேலைக்குள் நான் வேர்த்துக்கொண்டு நின்றேன். அவரும் விருந்துக்கு வந்திருந்தார். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தினார்.

"கடைசியா எப்ப எண்ணெய் அடிச்சனீங்கள் ரீச்சர்?"

பெற்றோல் அளவு காட்டும் எண்ணெய் முள்ளு வேலை செய்வதை நிறுத்தி வருடக்கணக்காகிறது. தாங்கிக்குள் தடியை விட்டுப் பார்த்துத்தான் அளவு அறிவேன். அந்தக் கிழமை தடி விட மறந்துபோனேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் எழும்பினார்.

"எஞ்சினிலை பெற்றோல் பம்ப் மக்கர் பண்ணுது. ரீச்சரிலை ஒரு பிழையும் இல்லை. ஆர் ஓடியிருந்தாலும் நிண்டுதான் இருக்கும். நீங்கள் எல்லாரும் போய்ச் சாப்பாட்டைப் பாருங்கோ."

கூட்டம் கலைந்தது. சால்வைக்குள் மறைத்து ஒரு சோடாப் போத்தலில் பெற்றோல் கொண்டுவந்து ஊற்றினார். மறுநாள் காலை படலையடியில் அவருடைய மனைவி கையைக் காட்டிக் காரை நிறுத்தி, "பம்ப் இப்ப சரியோ ரீச்சர்?" என்று கவலையோடு கேட்டா. கட்டிய மனைவிக்கும் அவர் சொல்லவில்லை. அவ அவர் சொன்னதை அப்படியே நம்புகிறவ.

பிறகு சண்டையால் பெற்றோல் வராத காலம் வந்தது. மின்சாரமும் இல்லை, ரயிலும் இல்லை, பாதை பூட்டு. கணவர் கொழும்பில், நாங்கள் இங்கே. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடப் பழகின. பழைய கார்கள்தான் அந்தக் குடியை ஏற்றுக்கொண்டன. ஆனால் குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் கிளம்பாது. சேலைன் போத்தலில் கொஞ்சம் பெற்றோலைப் பத்திரமாக வைத்திருந்து, காபரேற்றரின் வாய்க்குள் சில சொட்டு விட்டு, ஹாண்டிலை அடித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். யாழ்ப்பாணத்தில் கார் வைத்திருந்த வீடுகளில் அந்தச் சேலைன் போத்தல் தாலிக்கொடி போலப் பெட்டகத்துக்குள் இருந்தது.

இன்னொரு பழக்கமும் வந்தது. காரைக் கேட்டு யாரும் வரலாம், வந்து கேட்டால் இல்லை என்ற சொல்லுக்கு இடமில்லை. அதனால் பிளக்குகளுக்கு நெருப்பைப் பங்கிடும் டிஸ்ரிபியூற்றரின் மூடியைத் திறந்து, அதற்குள் சுழலும் றோட்டரைக் கழற்றி ஒளித்துவைப்போம். பெருவிரல் அளவான ஒரு துண்டு. அது இல்லாவிட்டால் யார் வந்து அடித்தாலும் கார் கிளம்பாது. என்னுடைய றோட்டர் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில், மல்லி போடும் தகரப் பேணிக்குள் கிடந்தது.

தொண்ணூற்றி மூன்று கார்த்திகையில் என் மகள் தலைப்பிள்ளைக்காக என்னிடம் வந்திருந்தாள். நாள் குறுகிவிட்டது. இடுப்பு எலும்பு ஒடுக்கம், பிள்ளைவலி குத்துக்கண்டதும் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஏழு மைல். சேலைன் போத்தலில் இரண்டு விரல் பெற்றோல் மிச்சம். எஞ்சின் ஈரமென்றால் ஒரு ஸ்ராட்டுக்கே அதில் முக்கால்வாசி போய்விடும். இன்னொரு சொட்டு எங்கே எடுப்பது என்று தெரியாது. கண்ணை மூடினால் எனக்கு அந்த இரண்டு விரல்தான் தெரிந்தது.

ஒருநாள் மத்தியானம் மழை விட்டிருந்தது. அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். கரியரில் அவருடைய மனைவி, அவர் முதுகில் கையை ஊன்றியபடி. அவவுக்கு நெடுநாளாக முட்டு வருத்தம், மூச்சிழுப்பு. மழை தொடங்கினால் படுத்துவிடுவா. ஆனால் இப்படி நான் கண்டதில்லை. தோள் இரண்டும் காதுவரை ஏறி ஏறி இறங்கின. உதடு கறுத்திருந்தது. இறங்கிப் படலைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றா.

"ரீச்சர், காலமை தொடக்கம் விடுகுதில்லை. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேணும். காரை ஒருக்கா எடுப்பமோ?"

"கார் ஸ்ராட் வரேல்லை அண்ணை. காலமையும் அடிச்சுப் பாத்தனான்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. உலகத்தில் யாரிடமும் சொல்லக்கூடிய பொய், இந்த ஒரு மனிதனைத் தவிர. சொல்லி முடித்தபிறகுதான் அது எனக்கே உறைத்தது.

"நான் ஒருக்காப் பாக்கிறன்" என்றார்.

அன்றைக்குத்தான் அவர் காரைச் சுற்றி நடக்கவில்லை, குந்தவில்லை. நேரே பொனற்றைத் திறந்தார். ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஆரும் கை வைச்சதோ?"

"இல்லை" என்றேன்.

ஹாண்டிலைப் போட்டு இரண்டு சுற்றுச் சுற்றினார். காதைச் சரித்தார். டிஸ்ரிபியூற்றரின் இரண்டு கிளிப்பையும் தட்டி மூடியை எடுத்தார். எனக்கு அவருடைய முதுகுதான் தெரிந்தது. அந்த முதுகு அசையாமல் நின்றது. பிறகு மூடியை வைத்து இரண்டு கிளிப்பையும் மாட்டினார். பொனற்றை மெதுவாக இறக்கினார். என்னைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்துச் சொன்னார்.

"கொயில் எரிஞ்சு போச்சு, பிளக்குக்கு நெருப்பே வராது. இப்ப எங்கை கொயிலுக்குப் போறது?"

அவ என்னைப் பார்த்தா. மூச்சை இழுத்து இழுத்து ஒவ்வொரு சொல்லாக எடுத்தா.

"பரவாயில்லை... ரீச்சர். நீங்கள்... என்ன... செய்வியள்."

"கரியரிலை இருப்பீரோ?" என்று அவர் கேட்டார். அவ தலையாட்டினா. அவர் தன் சால்வையை எடுத்து அவவின் இடுப்பைச் சுற்றித் தன் வயிற்றில் முடிந்தார். நனைந்த மண் ஒழுங்கையில், வெள்ளம் நின்ற கிடங்குகளை விலத்தி விலத்தி, சைக்கிள் போனது.

குசினி இருபது அடி. மல்லிப் பேணியின் மூடியைத் திறக்க ஒரு நிமிடம்கூட வேண்டாம். அவர்கள் ஒழுங்கை முடக்கால் திரும்பும்வரை நான் வாசலில் நின்றேன். கூப்பிட்டிருக்கலாம். என்னுடைய மகள், என்னுடைய பேரப்பிள்ளை, இரண்டு விரல் பெற்றோல். இந்த வழக்கை எனக்குள்ளே எத்தனை நூறு தடவை வைத்துப் பார்த்துவிட்டேன். என் பக்கம் நியாயம் இருந்தது. நியாயம் இருந்தபடியால்தான் பொய் அவ்வளவு லேசாக வந்தது.

உள்ளேயிருந்து மகள் கேட்டாள்: "அம்மா, கார் ஓடுந்தானே?"

"நீ போய்ப் படு" என்றேன்.

மறுநாள் காலை செய்தி வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறா, ஆனால் பிழைக்கவில்லை. காரில் போயிருந்தால் பிழைத்திருப்பாவா? தெரியாது. அது தெரியாமல் இருப்பதுதான் எனக்கு விதித்தது.

செத்த வீட்டுக்குப் போனேன். போகாமல் இருக்க முடியுமா? பெண்களோடு பெண்ணாக உள்ளே இருந்தேன். வெளியே பந்தலுக்குள் யாரோ அவரிடம் கேட்டது யன்னலால் காதில் விழுந்தது. "ரீச்சற்றை கார் வீட்டிலை நிண்டதெல்லோ, அதைக் கேக்கேல்லையோ?"

"கேட்டனான். கொயில் எரிஞ்சு கிடந்தது. நான்தான் திறந்து பாத்தனான்."

அந்த இடத்தில் எழும்பி வெளியே போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பக்கத்தில் இருந்தவ என் கையைப் பிடித்து, "நீங்கள் அழாதேங்கோ ரீச்சர்" என்றா. நான் இன்னும் அழுதேன்.

எட்டாம் நாள் படைக்கிற எட்டுச் செலவு முடிந்து நாலாம் நாள் மகளுக்குக் குத்துக்கண்டது. மல்லிப் பேணியைத் திறந்தேன். றோட்டரைப் பொருத்தி, சேலைன் போத்தலைச் சரித்து, பக்கத்து வீட்டுக்காரர் ஹாண்டிலை அடிக்க, கார் இரண்டாவது அடியில் கிளம்பியது. அவருடைய படலையைத் தாண்டித்தான் போக வேண்டும். வேறு பாதை இல்லை. நேரே பார்த்துக்கொண்டு ஓடினேன். பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம்.

பன்னிரண்டு நாளைக்கு முன் கொயில் எரிந்து கிடந்த கார் எப்படி ஓடியது என்று ஊரில் ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வது என்று நான் சோறு தண்ணியில்லாமல் யோசித்து வைத்திருந்தேன். சங்கக்கடையில் அரிசி நிறுக்கிற பெண்தான் காரணத்தைச் சொன்னாள்.

"மெக்கானிக் அண்ணை எங்கையோ தேடிக் கொயில் ஒண்டு எடுத்து உங்கடை காருக்குப் போட்டுத் தந்தவராமே ரீச்சர்? பெண்சாதி செத்து எட்டு முடிஞ்ச கையோட! என்ன மனிசன் அந்தாள்."

"ஓம்" என்றேன். வேறென்ன சொல்ல?

இன்னொரு முறையும் என்னைக் காப்பாற்றிவிட்டார் என்று நினைத்தேன். கலியாண வீட்டில் காப்பாற்றியது போல. நன்றியாகக்கூட இருந்தது. அந்த நன்றியை நினைத்தால்தான் இப்போது எனக்கு உடம்பு கூசுகிறது.

அதற்குப் பிறகு அவருடைய ஒழுங்கையால் போவதை விட்டேன். படலையடி வெறுமையாக இருக்கும் என்று எனக்கு நானே சொன்ன சாட்டு. உண்மையில் எனக்கு அவருடைய முகத்துக்குப் பயம். பள்ளிக்கூடத்துக்கு நடந்து போனேன். கார் மாதக்கணக்காக நின்றது.

அடுத்த ஆனியில் மகளையும் பிள்ளையையும் மாப்பிள்ளை வீட்டில் கொண்டுபோய் விட வேண்டியிருந்தது. எங்கேயோ கெஞ்சி ஒரு சிறங்கை பெற்றோல் எடுத்தேன். இந்த முறை கார் உண்மையாகவே ஸ்ராட் வரவில்லை. மூன்று நாள் நானே ஹாண்டிலோடு மல்லுக்கட்டினேன். நாலாம் நாள் அவரிடம் போனேன். வாசலில் நின்று சொன்னேன். "வாறன், போங்கோ" என்றார்.

வந்தார். சைக்கிளை மதிலில் சாத்தினார். காரைச் சுற்றி நடந்தார். சில்லுக்குப் பக்கத்தில் குந்தினார்.

"கடைசியா ஆர் ஓடினது?"

"நான்தான் அண்ணை."

"தானா நிண்டதோ?"

"நான்தான் நிப்பாட்டினனான்."

"பிறகு ஆரும் கை வைச்சதோ?"

அந்தக் கேள்வியில் ஒரு குத்தலும் இல்லை. எல்லோரிடமும் கேட்கிற அதே குரல். "நான் மட்டுந்தான்" என்றேன்.

பிளக்கைக் கழற்றி மணந்தார். மண்ணெண்ணெய் ஈரம். நாலு பிளக்கையும் அடுப்பு நெருப்பில் காட்டி எடுத்துவரச் சொன்னார். திரும்பப் போட்டும் வரவில்லை. நெருப்பு வருகிறது, ஆனால் வலுவில்லை என்றார். டிஸ்ரிபியூற்றர் மூடியை எடுத்தார். அதற்குள்ளே நெருப்பை உண்டாக்கும் பொயின்ற்ஸ் இரண்டும் கருகிப்போய்க் கிடந்தன. அவற்றைச் சுரண்ட வேண்டுமென்றால் மேலே இருக்கும் றோட்டரைக் கழற்றத்தான் வேண்டும். கழற்றி, திரும்பிப் பாராமலே கையைப் பின்னுக்கு நீட்டினார்.

"இதை ஒருக்காப் பிடியுங்கோ ரீச்சர்."

என் உள்ளங்கையில் வைத்தார். நெருப்புப் பெட்டியின் உரசுகிற பக்கத்தைக் கிழித்துப் பொயின்ற்ஸைத் தேய்க்கத் தொடங்கினார். என்னால் அதை வைத்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"அண்ணை, அண்டைக்கு இது..."

"தெரியும் ரீச்சர்."

தேய்த்துக்கொண்டே இருந்தார். பழைய அஞ்சலட்டை ஒன்றை இடையில் விட்டு இடைவெளி பார்த்தார்.

"தெரிஞ்சுகொண்டும் ஏன் அண்ணை என்னைக் காப்பாத்தினியள்? நாலு பேருக்கு முன்னாலை சொல்லியிருந்தாலும் எனக்கு இவ்வளவு நோகாது."

கை நின்றது.

"உங்களைக் காப்பாத்தேல்லை. நான் உங்களை நினைக்கவே இல்லை. அவவுக்கு உங்களிலை நல்ல விருப்பம். மூச்சுக்கு அந்தரிச்சுக்கொண்டு நிக்கிறவ, ரீச்சர் காரைத் தராமல் மறைச்சவ எண்டதையும் ஏன் சுமந்துகொண்டு போக வேணும்? அதுக்குத்தான் கொயிலெண்டு சொன்னது."

அஞ்சலட்டையை உருவி எடுத்தார். பேசுவதை விட்டுவிடுவார் என்று நினைத்தேன். விடவில்லை. அவர் அவ்வளவு கதைத்து நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"இணுவில் வரையும் முதுகிலை தலையை வைச்சபடி அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தவ. ரீச்சற்றை மகளுக்கு நாள் கிட்ட, பாவம், எங்கையாவது கொயில் ஒண்டு தேடிப் போட்டுக் குடுங்கோ எண்டு. மறந்திடாதேங்கோ எண்டு. நானும் ஓம், போடுறன், கதையாதையும் எண்டனான். அதுக்குப் பிறகு அவ கதைக்கேல்லை."

றோட்டருக்காகக் கையை நீட்டினார். என் விரல்கள் விரியவில்லை. அவரே ஒவ்வொன்றாக விலக்கி எடுத்துக்கொண்டார்.

"அவவுக்குக் குடுத்த வாக்கு ரீச்சர். செய்யிறதுக்கு உங்கடை காரிலை ஒண்டும் இருக்கேல்லை. அதாலைதான் கொயில் போட்டதெண்டு ஊருக்குச் சொன்னனான்."